இடுப்பு வரை வெளியே வந்தவர்

எனக்கு வரன் பேசியபோது மாப்பிள்ளை குதிரைப் பட்டாளத்தில் இருக்கிறார் என்றுதான் சொன்னார்கள். என் அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் என் சித்தப்பா மாப்பிள்ளையிடம் குதிரை எங்கே என்று கேட்டே விட்டார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சேர்வதற்கு முன்பே குதிரைகளையெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். இப்போது இருப்பது டாங்கி. பெயரும் பழக்கமும்தான் பழசு.

அந்தப் பழக்கங்களோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். லீவில் திண்டுக்கல் வந்தால், வெளியே போய்த் திரும்பியதும் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். போட்ட சோறு ஆறிப்போகும். எனக்குக் கோபம் வரும், வாய்க்கு வந்தபடி பேசுவேன். குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பிறகுதான் ஏறிப் போனவன் குடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டமாம். குதிரை போய் டாங்கி வந்த பிறகும் அப்படித்தானாம். நாள் முழுக்க வெயிலில் ஓட்டி வந்தாலும் முதலில் அதைக் கவனித்துவிட்டுத்தான் தட்டைத் தூக்க வேண்டும். சாதாரணச் சிப்பாயைக்கூட அங்கே சவார் என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படியென்றால் குதிரை வீரன் என்று அர்த்தம் என்பார். நெஞ்சு நிமிர்ந்திருக்கும். கையில் என்னவோ எண்ணெய்த் துணிதான்.

அவருடைய டாங்கியில் நாலு பேர். இவர் பீரங்கி சுடுகிறவர். அதை ஓட்டியவர் எங்கள் பக்கத்துச் செம்பட்டிக்காரர். மற்ற இருவரும் வடக்கே உள்ளவர்கள், அவர்களோடு இந்தி. இவர்கள் இருவருக்குள் மட்டும் தமிழ், அதிலும் மாப்ளே போட்டுத்தான் பேச்சாம். லீவு முடிந்து இவர் கிளம்பும்போதெல்லாம் நான் நார்த்தங்காய் ஊறுகாயை இரண்டு டப்பாவில் கட்டிக் கொடுப்பேன். ஒன்று அந்தச் செம்பட்டிக்காரருக்கு.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. தந்தியும் வந்தது. உடல் வரவில்லை. பிறகு அதிகாரி ஒருவர் எழுதிய கடிதத்தைப் பக்கத்துத் தெரு வாத்தியார் தமிழில் படித்துச் சொன்னார். டாங்கி தீப்பிடித்துவிட்டது, உயிர் உடனே பிரிந்துவிட்டது, வேதனைப்படவில்லை என்று இருந்தது. அந்த 'உடனே' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் மாமியாரும் அந்த வருஷம் உயிரோடு இருந்தோம். எனக்கு அழுகை முட்டும்போதெல்லாம் மாமியார் அதைத்தான் சொல்வார்.

தை பிறந்ததும் செம்பட்டிக்காரர் வந்தார். இடது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மாமியார் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் அதைத் தொடவில்லை. சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று ஆரம்பித்தார்.

டாங்கி ஓட்டுகிறவர் முன்னால், பள்ளத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் இரும்பு மூடி. பீரங்கிக் குழாய் திரும்பி அந்த மூடிக்கு மேலே நின்றுவிட்டால் அதைத் திறக்க முடியாது. அதனால் ஆபத்து என்றால், சுடுகிறவர் குழாயை ஒதுக்கிவிட்டுத்தான் குதிக்க வேண்டும். முதலில் கற்றுக்கொடுக்கிற பாடமே அதுதானாம். அன்றைக்குக் குண்டு விழுந்து பின்பக்கம் தீப்பிடித்ததும் வடக்கத்திக்காரர்கள் இருவரும் குதித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தரையில் கிடந்தபடி பார்த்ததைத்தான் ஆஸ்பத்திரியில் செம்பட்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

"இடுப்பு வரைக்கும் வெளிய வந்துட்டாராம் தங்கச்சி. கொழாய் எந்தலைக்கு மேல நிக்கிறதப் பாத்துட்டு மறுபடி உள்ள எறங்கிட்டாராம்."

குழாயைத் திருப்பும் கரண்டு போயிருந்தது. கையால்தான் சுற்றித் திருப்ப வேண்டும். அது மெதுவாகத்தான் திரும்பும்.

அவர் ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்டேன்.

"'இரு மாப்ளே, திருப்புறேன்'னாரு. பின்னாலருந்து கேட்டுச்சு. மூடி தொறந்துச்சு, நான் குதிச்சிட்டேன். அவரு வரல."

அப்படியென்றால் உடனே இல்லை. குழாய் திரும்புகிற நேரம் முழுக்க அவர் அந்தத் தீக்குள் இருந்திருக்கிறார். அதைவிட இன்னொன்று என்னைக் கொன்றது. கடைசியாக அவர் பேசியது தமிழில்தான், ஆனால் என்னோடு இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப்போன புருஷனின் ஒரு வார்த்தைக்காக, கை வெந்துபோன ஒரு மனுஷன் மேல் பொறாமைப்பட்டேன்.

மாமியார் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் எரியுதா அப்பு?" என்று கேட்டார். அவருக்கு எப்படி அது முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் கொல்லைக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்து, இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று செம்பட்டிக்காரர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவர் வரவே இல்லை. அடுத்த ஆவணியில் அவருடைய அம்மா வெற்றிலை பாக்கோடு வந்தார். நான் கூப்பிடும் வரை வாசல்படி ஏறவில்லை. மகனுக்குக் கல்யாணம், தாலி கட்டும்போது நான் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று மகன் ஆசைப்படுகிறான், பெண் வீட்டாரிடமும் சொல்லிவிட்டோம் என்றார். தாலி அறுத்தவளை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்? வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கல்யாணத்தன்றைக்கு நானும் மாமியாரும் செம்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் விசில் ஊதியதும் நான் எழுந்து இறங்கிவிட்டேன். மாமியார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அவர் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

சாயங்காலம் திரும்பி வந்து, "நல்லா இருக்கான்" என்றார். தந்தி வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத நிம்மதி அப்போது இருந்தது. ஏன் இறங்கினாய் என்று கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரால் இன்னொரு பிள்ளையைப் பார்த்து மனம் ஆற முடிந்தது. நான் யாரைப் பார்த்து ஆறுவது?

பட்டாளத்துக்காரர்களும் ஊர்க்காரர்களும் என் வீட்டுக்காரர் செய்ததுதான் சரி என்றார்கள். சரிதான், நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் இடுப்பு வரை வெளியே வந்து நின்ற அந்த நேரத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், குதித்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.