அக்காவின் ஆர்மோனியம், ஆறு சனிக்கிழமைகள்

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ர எங்கே வரும், ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முகம் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் ஆர்மோனியம் அக்காவுடையது. அவர் பாட்டுப் பழகிய பெட்டி. நடுவில் ஒரு கட்டையை அழுத்தினால் வண்டு மாதிரி இரையும். உடனே அக்கா பெட்டியின் மேல் ஒரு குட்டு வைப்பார். கொஞ்ச நேரம் அடங்கும். கலியாணமாகிக் கனடாவுக்குப் போகும்போது பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் நான் அதைத் தொட்டேன். அக்கா வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனதில் கிடந்த தேவாரங்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. கொட்டாஞ்சேனையில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பேன். யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. நான் வாசிப்பேன் என்பதே அக்காவுக்குத் தெரியாது.

போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் சொன்ன பிறகு, அவருடைய மகன் சனிக்கிழமைகளில் சொந்தக்காரர் எல்லோரையும் வீடியோக் கூட்டத்தில் சேர்த்தான். அங்கே காலை, இங்கே மாலை ஆறரை. முதல் நாள் ஆளுக்கு ஆள் ஆறுதல் சொன்னார்கள். என் முறை வந்தது. "அடுத்த கிழமை நான் பெட்டி வாசிக்கிறன், அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"நீயோ? டேய், கதவுக்குப் பின்னால நிண்டு பழகினனியோ?" என்று அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

சாவதற்குள் அக்கா ஒரு தடவையாவது என் வாசிப்பைக் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் இருந்து நேரத்தோடு வெளிக்கிட்டு, பஸ் பிடித்து வந்து, போனை அரிசி வாளியில் சாய்த்து வைத்தேன். செருமிவிட்டு, "கேக்குதோ?" என்றேன்.

"ஓம் ஓம், வடிவாக் கேக்குது" என்றார்கள் பல பேர்.

வாசித்தேன். அந்த வண்டுக் கட்டை வரும் இடத்தில் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தேன். சிரிப்பார், "குட்டடா" என்பார் என்று நினைத்தேன். அவர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது" என்றேன். எல்லோரும் கை கூப்பினார்கள்.

"உன்ர விரலெல்லாம் அம்மாட விரல் மாதிரியே இருக்கடா" என்றார் அக்கா.

இப்படி ஆறு சனிக்கிழமைகள். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டையில் காத்திருந்தேன். மருந்து மயக்கத்தில் மறந்துபோயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது சனிக்கிழமைக்கு அக்கா இல்லை.

செத்தவீடு முடிந்த பிறகு, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அக்காவின் மகன், என் மருமகன், ஒரு கூட்டத்தின் பதிவை அனுப்பினான். கடையின் பின்பக்கம் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் இருந்து பார்த்தேன். என் செருமல் கேட்டது. "கேக்குதோ" கேட்டது. பிறகு என் கை ஓடுகிறது, துருத்தி அசைகிறது, சத்தம் இல்லை. போன் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். கடைசியில் "முடிஞ்சுது" என்று என் குரல் தெளிவாகக் கேட்டது.

மருமகனுக்கு அழைத்தேன்.

"அந்த வீடியோக் கூட்டம் ஆக்களின்ர குரலைத்தான் விடும் மாமா. மற்றதுகளை ஃபான் சத்தம் மாதிரி, இரைச்சலெண்டு வெட்டிப்போடும். செற்றிங்கில ஒண்டை மாத்தினாச் சரி."

"அப்ப ஏனப்பு எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அம்மா விடேல்ல. 'சொன்னா அவன் வெக்கப்பட்டு இந்தப் பக்கமே வரமாட்டான். பேசாம விடுங்கோ, ஆளையாவது பாத்துக்கொண்டிருப்பம்' எண்டவா."

அக்கா சொன்னது சரி. சொல்லியிருந்தால் நான் திரும்ப வந்திருக்கமாட்டேன். யாரையும் கோபிக்க எனக்கு வழியில்லை.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு எல்லோரும் சேர்ந்த வீடியோக் கூட்டத்துக்கு முன்னால், எந்த இடத்தில் தொட வேண்டும் என்று மருமகன் படம் அனுப்பிக் காட்டித்தந்தான். இரண்டு நிமிட வேலை. வாசித்தேன். முடிந்ததும், அக்காவின் கணவருடைய தமையன், லண்டனில் இருப்பவர், அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"நல்லா இருந்தது, தம்பி. ஆனா நடுவில ஒரு கட்டை வண்டு மாதிரி இரையுது. ஒருக்காத் திருத்தக் குடும்."

"ஓம்" என்றேன்.

இன்னும் திருத்தக் கொடுக்கவில்லை. பெட்டியைத் திறக்கவும் இல்லை.

கொட்டாஞ்சேனை,
2024 செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை.