முத்துவை மலைக்கு அனுப்பிய வருஷம்

கொச்சி மட்டாஞ்சேரியில் யார் எதிர்ப்பட்டாலும் "சுகமல்லே?" என்று கேட்பார்கள். சுகம் என்று சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டும். தென்காசியில் எங்கள் தெருவில் "சாப்பிட்டாச்சா?" என்பார்கள், இல்லையென்றால் உள்ளே கூப்பிட்டுத் தட்டு வைப்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருஷம். தையல் கடைக்குப் போகும் வழியில் தினமும் ஏழெட்டுப் பேருக்குச் சுகம் சொல்கிறேன். என் மகள் முத்துச்செல்வி பள்ளிக்கூடத்தை நிறுத்தி, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மாதங்களிலும் அதையேதான் சொன்னேன்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. முதலில் சோம்பல் என்று நினைத்தோம். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கும் அவள் அப்பா போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். ஒருநாள் அவள் துணி மாற்றும்போது கையில் கீறல்களைப் பார்த்தேன். அன்றைக்கே அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ஊருக்குக் கூட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றான் என் அண்ணன். போனோம். மலையாளம் கலந்த அவள் தமிழைக் கேட்டு அண்ணன் பிள்ளைகள் சிரித்தார்கள். நாலாம் நாள் அவள் பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவளைக் காட்டிய எறணாகுளத்து டாக்டரம்மாதான் இடுக்கி மலையில் இருந்த உறைவிடப் பள்ளியைச் சொன்னார். மனம் ஒடிந்த பிள்ளைகளுக்கென்றே நடத்துகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றிரண்டு இலவச இடம் உண்டு, ஒரு வருஷத்துக்கு. பெற்ற பிள்ளையை யாரிடமோ விடுவதா என்று அவள் அப்பா இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பீனா டீச்சர் சேற்றுக் காலோடு வந்து பேசினார். அங்கே போன் கிடையாது. காலையில் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். ஆளுக்கொரு காய்கறிப் பாத்தி. மாதம் ஒருமுறை மேலே ஏறிக் கூடாரம் அடித்துத் தங்கி, தாங்களே சமைக்க வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்வார்கள். விருப்பமில்லாதவர்கள் சும்மா இருக்கலாம். முத்து ஆறு வாரம் சும்மாவே இருந்தாளாம். ஒரு மழைநாளில் ஈர விறகு யாருக்கும் பற்றவில்லை. இவள் பட்டையை உரித்து, உள்ளே காய்ந்திருந்த சிம்புகளைப் பொறுக்கிப் பற்ற வைத்தாள். அவள் மூட்டிய அடுப்பில் பன்னிரண்டு பேர் கஞ்சி குடித்தார்கள். அன்றுதான் வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"வீட்டில் அவள்க்கு பேடியாணு" என்றார் டீச்சர்.

பதினெட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய சொல்தான். ஆனாலும் மகளைப் பற்றிச் சொன்னபோது காதில் தமிழாக விழுந்தது. என் பிள்ளையைக் கோழை என்கிறாரே என்று முகம் சுண்டிப்போயிற்று. முத்து அதைப் பார்த்துவிட்டாள்.

"பயம்னு சொல்றாங்கம்மா. வீட்ல எனக்குப் பயம்."

"எதுக்குட்டி பயம்?"

"நீ எப்பவும் என்னையே நோக்கிட்டு இருக்கே. தூங்குறப்பவும்."

நான் காவல் என்று நினைத்திருந்தது அவளுக்கு அப்படி இருந்திருக்கிறது. அவளோ அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி என்னைத் தன் பாத்திக்குக் கூட்டிப்போனாள். அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வருஷம் முடிந்து இறங்கி வந்தாள். எங்களுடையது இஞ்சிக் கிடங்குக்கு மேலே ஒரு கூடம், அவளுக்கு ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர். விடிந்ததும் படகுத்துறைவரை நடந்தாள். பெயின்ட் டப்பாவில் பயறு ஊன்றினாள். வெயில் எட்டாமல் அது வெளிறி நீண்டு சாய்ந்தது. நான் தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தினேன். பள்ளிக்கூடத்திலோ அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்றார்கள். மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது பிள்ளையை அப்படியோர் இடத்துக்கு அனுப்ப யோசித்தால், அனுப்புங்கள். அங்கே என் மகள் தேறியிருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவள் திரும்பி வரப்போகும் வீட்டைப் பற்றி நாங்கள் யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தாலும் எங்களுக்கு வேறு வீடு ஏது?

போன மாதம் ஒரு மத்தியானம் எறணாகுளம் பிராட்வேயில் பட்டன் வாங்கிக்கொண்டிருந்தபோது பீனா டீச்சர் கூப்பிட்டார். மலைக்கு வரட்டுமா என்று முத்து போன் செய்தாள், மலை பஸ் பிடிக்கும் ஆலுவா பஸ் ஸ்டாண்டில் இருக்கிறாள், உடனே போங்கள் என்றார். இடப்பள்ளி நெரிசலில் பஸ் நகரவேயில்லை. போய்ச் சேர்ந்தபோது, பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மலைக்குப் போகலையாட்டி?"

"என் கட்டில்ல வேற பிள்ளை இருக்கு. டீச்சர் பறஞ்சாங்க."

"அப்ப வீட்டுக்கு வா."

"அங்கேயும் முடியலம்மா."

தென்காசிக்குப் போவோமா என்று நாக்குவரை வந்தது. அங்கே நாங்கள் பட்டது நினைவு வர, விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்கு எங்க போகணும்மா?" என்று கேட்டாள்.

என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சொல்வதற்கு ஓர் ஊர்ப் பெயர் தேடினேன், கிடைக்கவில்லை. மலை பஸ் புறப்பட்டுப் போயிற்று. கொச்சிக்குப் போகும் பஸ் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து ஏறுகிறீர்களா என்று கையசைத்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த பஸ்ஸும் போயிற்று.