உப்பைக் கடைசியில் போடச் சொன்னவர்

பத்து நாளைக்கு முன், காலையில் தக்காளி ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. சவரிமுத்து அண்ணனின் மகன். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றான். சுற்றிலும் விலை கேட்டுக் கத்துகிறார்கள். ஏலத்தைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். திண்டுக்கல் மார்க்கெட்டில், விவசாயிகள் கொண்டுவரும் காய்கறியை ஏலம் விட்டுக் கொடுக்கும் கமிஷன் கடை எங்களுடையது; எனக்கு அடுத்த கடை அவருடையது. அவர் குரல் எவ்வளவு பெரிது என்று, நம் வியாபாரிகள் சங்க மலரில் இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு முதல் முறை நெஞ்சு வலித்தது. எண்ணெயும் கறியும் ஆகாது, இலேசாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். தாடிக்கொம்பு ரோட்டிலுள்ள அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கைலியை மடித்துக் கட்டி, அடுப்படியில் காய்கறி சாண்ட்விச் செய்துகொண்டிருந்தார்! கோதுமை ரொட்டியை வெறும் கல்லில் வாட்டி, பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரைத்த புதினாச் சட்டினியைத் தடவினார். விதை எடுத்த தக்காளி, துருவிய கேரட், மெல்லிசாக அரிந்த வெள்ளரிக்காய்.

"உப்பு போடலையாண்ணே?"

"பொறு அப்பு. உப்பை முன்னாடியே போட்டா வெள்ளரிக்கா அழுதுரும். ரொட்டி நமத்துப்போகும். உப்பும் மிளகும் கடைசில, வாய்க்குப் போறப்பத்தான்."

"மூட்டை மூட்டையா வித்த மனுசன் இப்பத்தான் காய் திங்கவே ஆரம்பிச்சிருக்காரு" என்றார் அண்ணி. நான் இரண்டு தின்றேன். அவ்வளவு ருசி.

மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதுதான் வினை. நம் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனின் சாப்பாடு. சரக்கோடு வந்த கன்னிவாடி விவசாயி ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, ரொட்டி திங்கிறீக? உடம்புக்குச் சொகமில்லையா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த வாரத்துக்குள், சவரிமுத்து படுத்துவிட்டார், கடை இனி ஓடாது, போட்ட சரக்குக்குப் பணம் வராது என்று கன்னிவாடி முழுக்கப் பேச்சு. அங்கிருந்து அவருக்கு வரவேண்டிய வெண்டையும் கத்திரியும் எதிர்க்கடையில் இறங்கின.

அடுத்த வாரம் அண்ணன் கடைவாசலில் நாற்காலியைப் போட்டு, எல்லோரும் பார்க்க மட்டன் பிரியாணி தின்றார். சரக்கு திரும்பி வந்தது. அதன்பின் தினமும் மதியம் கடையில் கறிதான். சாண்ட்விச் ஞாயிற்றுக்கிழமை மட்டும், வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

"ஒளிஞ்சு திங்க அது என்ன திருட்டுச் சரக்கா? கடையில வச்சுத் தின்னுங்கண்ணே" என்று சண்டை போட்டேன்.

சிரித்தார். "ரொட்டியத் தின்னா கட சாகும். கறியத் தின்னா நான் சாவேன். கடைய நம்பி எம்புட்டுப் பேரு இருக்காக? நீயே சொல்லு."

நானும் வியாபாரிதான். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை மனது ஆறவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், பார்க்க வந்தவர்கள் வைத்துப்போன ரொட்டிப் பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. கன்னிவாடிக்காரர்களும் வாங்கி வந்திருந்தார்கள். "பாத்தியா அப்பு, இப்பத்தேன் எல்லாரும் என்னைய ரொட்டி திங்கச் சொல்றாக" என்றார். அப்போது அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் கடை திறந்தது. மகன்தான் உட்கார்ந்திருக்கிறான். மதியம் அவனுக்கும் பிரியாணி வருகிறது. அது வேண்டாமென்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்பா சொன்னதையே சொல்கிறான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, உப்பைக் கடைசியில் போடுகிற பழக்கம் ஒன்றுதான். நேற்று நானே செய்து எடுத்துப் போய், கடைவாசலில் எல்லோரும் பார்க்கப் பொட்டலத்தைப் பிரித்தேன். சித்தையன்கோட்டையிலிருந்து சரக்கு கொண்டுவந்தவர் நின்று பார்த்தார்.

"ஏண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, உப்பைத் தூவித் தின்றேன்.