ஊர்ச் சோறு இல்லாத சண்டை

முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததிலிருந்து, திருவொற்றியூர்க் கரையில் எங்கள் குப்பத்துக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதுவரை நாலு பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவோம். இப்போது கை தூக்கச் சொன்னார்கள். இளவட்டங்களின் கைகள் அதிகம். பழைய பஞ்சாயத்தார் இறங்க, என் மனைவியின் தம்பி தலைவனானான். பஞ்சாயத்துக்குச் சட்டசபை என்று பேரும் வைத்தான்.

சபை முதல் கூட்டத்திலேயே இரண்டு தீர்மானம் போட்டது. ஊர்ப் பணத்தில் அம்மன் விளக்கெண்ணெய் தவிர வேறு செலவு கூடாது. பம்பை, வாணவேடிக்கை, ஊர்ச் சோறு எல்லாம் ரத்து. அடுத்தது, நம் கடலில் வலை விரித்த வடக்குக் குப்பத்தோடு சண்டை. இரண்டுக்கும் கை தூக்கியவர்கள் ஒரே ஆட்கள்தான்.

என் மகளை அந்தக் குப்பத்துப் பையனுக்குத்தான் நிச்சயம் செய்திருந்தேன். தை பிறந்தால் கல்யாணம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சபையில் பேச வராது. வடிவுடையம்மன் சந்நிதியில் நின்று, சண்டை உன் இஷ்டம் தாயே, கல்யாணத்தை மட்டும் விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டேன். மச்சானிடமும் கேட்டேன். என் மகளுக்குத் தாய்மாமன் அல்லவா.

"எனக்கும் பொண்ணுதான் மாமா. மெஜாரிட்டி சொல்லிடிச்சே, நான் இன்னா பண்றது" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை, துடுப்பும் கழியுமாக எங்கள் ஆட்கள் எல்லை மணலில் வரிசையாக நின்றார்கள். அந்தப் பக்கமும் அப்படியே.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்காக எல்லையில் நிற்பவன் ஊர் அண்டாவில் பொங்கிய சோற்றைத்தான் தின்ன வேண்டும். வீட்டுச் சோறு தின்றால் அது அவன் வீட்டுச் சண்டையாகிவிடும். மண்டை உடைந்தாலும் ஊர் கேட்காது. அண்டாவையோ சபை கவிழ்த்து வைத்திருந்தது.

உச்சிவேளையில் எதிர்ப்பக்கத்து அண்டா கொதித்தது. வடக்கேயிருந்து வந்த காற்று, அவர்கள் மீன் குழம்பை எங்கள் வரிசை முழுக்கப் பரிமாறியது. துடுப்புகளை மணலில் ஊன்றி, ஆட்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள்.

மச்சான் என் வீட்டுக்கு ஓடி வந்து, ஒரு பானை கஞ்சி வேண்டுமென்று அக்காளிடம் கெஞ்சினான். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"என் வூட்டுக் கஞ்சி குடிச்சா என் வூட்டு சண்டையா பூடும் நைனா. சம்பந்தியோட எனக்கு இன்னா சண்டை கீது?"

அண்டாவை ஏற்றினால் செலவு செய்தான் என்று இறக்கிவிடுவார்கள், சண்டையை நிறுத்தினால் பயந்தான் என்று இறக்கிவிடுவார்கள் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான். என் மகள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் தெளிந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சாயங்காலமே சபை கூடி ஒரு தீர்மானம் போட்டது. வலைத் தகராறை, எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலில் இரு குப்பத்தாரும் உட்கார்ந்து தீர்த்துக்கொள்வது. அதுவரை சண்டை கிடையாது. அன்றைக்கு இரு குப்பத்துக்கும் சாப்பாடு. ஊர்ப் பணத்தில் காலணா செலவில்லை, எல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு. பசியில் நின்றவர்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். மகள் கல்யாணம் நடக்கிறதே என்ற சந்தோஷத்தில் நானும் தூக்கிவிட்டேன்.

வடக்குக் குப்பமும் சரியென்றது. தையில் பந்தல் போட்டோம். அரிசிக்காக ஒரு கட்டுமரத்தை விற்றேன், வருத்தமில்லை. வலை விரித்தவனும் துடுப்போடு நின்றவனும் ஒரே வரிசையில் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். தகராறு பாயசத்துக்கு முன்பே தீர்ந்துபோயிற்று. தலைவனே கரண்டி பிடித்துப் பரிமாறினான். மறுசோறு கேட்டவர்களை முறைத்தான். செலவு என்னுடையதுப்பா, தாராளமாகப் போடு என்றேன்.

"பழக்கமாயிடிச்சி மாமா" என்று சொல்லி, அரைக் கரண்டி போட்டான்.