தறியில் உட்கார்ந்து இங்கிலீஷ்

எங்கள் சேவூர்த் தெருவில் ஹேமலதா மாதிரி ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. பி.காம். முடித்தவள். கல்யாணமானதிலிருந்து கணவன் பாலமுருகனோடு ஒரே தறியில் உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்கிறாள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று சேர்த்து நெய்வது கோர்வை. அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும்.

இந்த வருஷம் கைப்பேசியைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் பாடம்தான். ஐ வோவ், ஐ வீவ், ஐ வில் வீவ். நெய்தேன், நெய்கிறேன், நெய்வேன். போவது ‘கோ’ என்றால் போனது மட்டும் ஏன் ‘வென்ட்’ ஆகிறது என்று கேட்டு என் உயிரை எடுத்தாள். எனக்கென்ன தெரியும்? வெள்ளைக்காரனைப் போய்க் கேள் என்றேன்.

ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. திங்கட்கிழமை நேர்காணல், இங்கிலீஷில் பேச வேண்டும். இதை என்னிடம் சொன்னவள் புருஷனிடம் சொல்லவில்லை. தான் எழுந்து போனால் அவன் தறி நின்றுவிடுமே என்று பயம். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று திட்டிப் பார்த்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாடத்தோடு பாடமாக, ‘ஐ வில் ஒர்க் இன் எ ஸ்கூல்’ என்று தினமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னாள். அவனுக்குப் புரியாதாம்!

சனிக்கிழமை நான் உறை மோர் வாங்கப் போயிருந்தேன். பாலமுருகன் முதலாளி வீட்டிலிருந்து அடுத்த புடவைக்கான பாவு நூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். முழுக்க ஒரே நிறம். ஹேமலதா குனிந்து பார்த்துவிட்டு, இது கோர்வை இல்லையே என்றாள்.

ஒற்றை ஆள் நெய்கிற புடவை என்றான். கூலி கொஞ்சம் குறைவுதான் என்றும், தானே கேட்டு வாங்கி வந்ததாகவும் சொன்னான். அவள் ஏன் என்று கேட்டாள்.

“தெனமும் பாடம் சொல்லிகினேதான் நெய்யற, கை நிக்காது. ஸ்கூல்னு ஒண்ணு சொல்றியே, அத சொல்லும்போது மட்டும் நின்னுடுது. நானும் பக்கத்துலதானே உக்காந்துகினு இருக்கேன், ஹேமா? எப்போ போவணும், சொல்லு.”

அவள் அந்தப் பாவு நூலை ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

“திங்கக்கெழமைங்க,” என்றாள். “போறேன்.”

மோர்க் கிண்ணத்தோடு நின்றிருந்த எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.