அப்டேட் போடாத ஸ்கேனர்

எங்கள் கடை வரிசையில் அவருக்குப் பட்டப்பெயர் 'அப்டேட்'. அப்டேட் போடவே மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். பக்கத்துக் கடையில் பைக் உதிரிபாகம் விற்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எல்லோருக்கும் தெரியும்.

அவர் பைக் மெக்கானிக். இப்போது வருகிற வண்டிகளில் கழற்றிப் பார்த்தால் தெரிகிற கோளாறு குறைவு. மீட்டரில் ஆரஞ்சு விளக்கு எரியும். ஏன் எரிகிறது என்று கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். கைக்கு அடக்கமான பெட்டிதான். சீட்டுக்கு அடியில் அதன் ஒயரைச் சொருகினால் வண்டிக்கு என்ன நோய் என்று திரையில் காட்டும். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து அதை வாங்கினார்கள். அந்த விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய பைக்கே வாங்கியிருக்கலாம். அதோடு விட்டதா? வருஷா வருஷம் அப்டேட்டுக்குத் தனிக் காசு. கட்டாவிட்டால் புது மாடல் வண்டிகளை அந்தப் பெட்டி திரும்பிக்கூடப் பார்க்காது. இடையில் விட்டுவிட்டால், விட்ட வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள், பாவிகள்.

"பெட்டிய வித்தீங்களா, வாடகைக்கு விட்டீங்களா?" என்று தம்பி அதை விற்றவரிடமே கேட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டவும் செய்தான். அவன் அப்படித்தான்.

நிற்கும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, ஓடும்போது மட்டும் திணறுகிற வண்டிகள் சில உண்டு. அப்படி ஒன்று வந்தால் தம்பி ஸ்கேனரைச் சீட்டுக்கடியில் பழைய ட்யூப் துண்டால் கட்டிவிட்டு, போகிற வழியெல்லாம் பதிவாகும்படி வைத்து, ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வருவான். வந்ததும் அண்ணனும் தம்பியும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, அந்தச் சவாரியைத் திரையில் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். வேகம், இன்ஜின் சுற்று, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகினான், பிரேக்கை எப்போது மிதித்தான், எல்லாம் அதில் தெரியும்.

ஒரு நாள் காலையில் அப்படிப் போனவன் திரும்பி வரவில்லை. சிக்னல் தாண்டியதும் வருகிற வளைவில் ஒரு லாரி. ஹெல்மெட் போட்டிருந்தான், போட்டு என்ன பிரயோஜனம். பிறகு போலீஸ்காரர் ஸ்கேனரைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தார். திரையின் ஓரத்தில் ஒரு விரிசல், அவ்வளவுதான் சேதம்.

அதற்குப் பிறகு அவர் அப்டேட் போடவே இல்லை. யார் கேட்டாலும் ஒரே பாட்டு. "அநியாய வெல! பகல் கொள்ள!" நானும் நம்பினேன். அவரோடு சேர்ந்து அந்தக் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். புது வண்டிகள் எல்லாம் தெருமுனை மெக்கானிக் கடைக்குப் போய்விட்டன. தம்பி மனைவிக்கும் அவள் மகளுக்கும் அந்தக் கடை வருமானம்தான் சோறு. அது தேய்ந்துகொண்டே வர, பொறுக்க முடியாமல் ஒரு நாள் போய்க் கேட்டுவிட்டேன்.

"காச நான் தர்றேன். மொதல்ல அப்டேட் போடுங்க."

"வேணாங்கா."

"வேணாமா? வர்ற வண்டிய முனைக் கடைக்கு வழி காட்டி விடுறதுக்கா கடை தெறந்து வச்சிருக்கீங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வைத்த பெயர் போதாது என்று மனசுக்குள் இன்னும் நாலு பெயர் வைத்துக்கொண்டு வந்தேன்.

தம்பி மனைவி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்டேட்டுக்கென்று சம்பளத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு மத்தியானம் நேராக என்னிடம் வந்தாள். "நான் சொன்னா மாமா கேக்க மாட்டார். நீங்களும் வாங்கக்கா."

அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. கையில் ஸ்கேனர், திரையில் வெளிச்சம். சுற்றிலும் ஒரு வண்டிகூட இல்லை.

"எதுலயும் சொருகாம எதப் பாத்துட்டு இருக்கீங்க?" என்றேன்.

திடுக்கிட்டு ஒரு பட்டனை அமுக்கினார். "தம்பி," என்றார். "சிக்னல்ல நிக்கறான்."

எட்டிப் பார்த்தேன். வேகம் சைபர். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்த கணத்தில் படம் நின்றிருந்தது.

பிறகு எல்லாம் சொன்னார். அப்டேட் போட்டால் பழைய பதிவுகள் அழிந்துவிடுமாம். வெளியே எடுத்து வைத்தாலும் புதுசில் திறக்காதாம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுப் பார்க்கிறார். தம்பி கடையிலிருந்து கிளம்புவான், கியர் மாற்றுவான், சிக்னலில் நிற்பான். அங்கேயே நிறுத்திவிடுவார். அதைத் தாண்டி ஒரு தடவைகூட ஓடவிட்டதில்லை. விலை என்றதெல்லாம் வெறும் சாக்கு.

"போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கலாமே," என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"அது வெறும் படம்கா. இதுல அவன் ஓட்டிட்டு இருக்கான்."

தம்பி மனைவி ஆயில் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எவ்ளோ நாளா மாமா அவர அங்கயே நிக்க வச்சிருக்கீங்க?"

அவர் திரையை விரலால் துடைத்தார்.

"விடுங்க. போகட்டும்."

"வேணாம்மா. நீ பாக்காத."

"நான் பாக்கணும். கடைசில பயந்தாரோ என்னவோன்னு நெனச்சு நெனச்சே எனக்குத் தூக்கம் போச்சு."

அவளே பட்டனை அமுக்கினாள். திரையில் வேக முள் ஏறியது. "ரெண்டாவது போட்டுட்டான்," என்று முணுமுணுத்தார். "மூணாவது." நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முட்கள் அப்படியே நின்றிருந்தன. மோதலில் ஒயர் பிடுங்கிக்கொண்ட இடம், கீழே 'இணைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது.

"ஆக்ஸிலேட்டரப் பாரும்மா. கொஞ்சம்கூட விடல. பிரேக்கத் தொடல. அவன் லாரியப் பாக்கவே இல்ல."

"அப்ப பயப்படல, இல்ல மாமா?"

"அவனுக்கு நேரமே இல்லம்மா."

அவள் அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். அன்றைக்கே காசைக் கட்டி அப்டேட் போட்டோம். திரையில் பச்சைக் கோடு நிரம்பும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் பதிவுகள் பக்கத்தைத் திறந்தார். காலி.

அடுத்த வாரம் புது மாடல் ஒன்று வந்தது, ஓடும்போது திணறுகிற நோய்தான். தம்பி போனதிலிருந்து அவர் எந்த வண்டியையும் ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில்லை, வண்டிக்காரர்களையே ஓட்டச் சொல்வார். அன்றைக்கு அவரே ட்யூப் துண்டை வெட்டி ஸ்கேனரைக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு வியாபாரத்தில் புத்தி போகவில்லை. ஒருவருக்குப் பிரேக் ஷூவுக்குப் பதில் செயினை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு இவ்வளவு நேரமா?

ஒரு வழியாக வந்து சேர்ந்தார். "ஏன் இப்படி உயிர வாங்குறீங்க!" என்று கத்தினேன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த தம்பி மனைவி ஸ்கேனரை அவிழ்த்து, பதிவை ஓடவிட்டாள். வண்டி கிளம்பியது, கியர் மாறியது, வேகம் சைபருக்கு வந்தது. வந்தது அப்படியே நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், முள் ஏறவே இல்லை.

"இங்க ஏன் மாமா இவ்ளோ நேரம்? பச்சை விழலயா?"

"விழுந்துச்சும்மா. ரெண்டு தடவ விழுந்துச்சு." அவர் ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை. "மொதல்ல தம்பி கெளம்பட்டும்னு நின்னேன். அவன் நகரவே இல்ல."