ஒலிபெருக்கியில் அப்பா பேர்

ஒரகடம் பொம்மைக் கடையில் ஒரே சீட்டாட்டத்துக்கு மூன்று பெட்டிகள் இருந்தன. சிறுவர் பதிப்பு, குடும்பப் பதிப்பு, கில்லாடிகள் பதிப்பு. சீட்டில் உள்ள சொல்லை வாயால் சொல்லாமல், குறிப்பு கொடுத்தே நம் அணியைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும்.

"சின்னப் பசங்களுது எடும்மா. ஆயாவும் ஆடணுமில்ல, பாவம்" என்றாள் மகள். ஆயா என்றால் என் அம்மா.

பெட்டியில் அந்த விதியைப் படித்ததுமே எனக்குச் சின்ன வயதில் போன மண்ணூர்த் திருவிழாவின் வேர்க்கடலை வறுக்கும் வாசனை வந்துவிட்டது. தின்பண்டக் கடை ஒன்றுவிடாமல் நின்று தின்பது அப்பாவின் வழக்கம். அன்று கூட்டத்தில் காணாமலே போய்விட்டார். அறிவிப்பு செய்ய மைக் செட்டுக்காரர் அவர் பெயரைக் கேட்டார். புருஷன் பெயரை அம்மா சொல்லவே மாட்டாள். எனக்கோ அப்பாவின் பெயரே அப்பாதான்.

"திருப்பதி சாமி கீற எடங்க" என்றாள் அம்மா. மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"திருமலையா?"

"மலை சரிங்க. முன்னால ஒரு நம்பரு வரும். ஆறுக்கு அடுத்தது."

"ஏழுமலை!" என்று திடலே கத்தியது. ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்களும் கத்தினார்கள். பாதி தின்ற பஜ்ஜியோடு அப்பா ஓடி வந்தார்.

"இன்னாடி இது, ஊரே என் பேர சொல்லிக்கினு கீது!"

"நான் ஒரு தபா கூட சொல்லலையே" என்றாள் அம்மா, முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டு.

சிறுவர் பெட்டியை வைத்துவிட்டுக் கில்லாடிகள் பெட்டியை எடுத்தேன். பில் போடுவதற்கு முன்பே மகளிடம் சொல்லிவிட்டேன்:

"ஆயா என் டீமு."